எப்போ கைதட்டணும்? நால்வர் இசை கேட்கக் கற்றுக்கொண்ட கதை

இந்த எபிசோடை ஒரு அவமானத்திலிருந்து தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், சென்னையில் ஒரு சின்ன அரங்கம். மேடையில் மைக் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நாலு பேர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நண்பர் ஒருவர் "டிக்கெட் ஒண்ணு மீந்துபோச்சு, வர்றியா?" என்று கேட்டதால் போயிருந்தேன். முதல் பகுதி விறுவிறுன்னு ஓடி, உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. மேடையில் இருந்தவர்கள் வில்லை உயர்த்திப் பிடித்தபடியே, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நான் இசையைக் கேட்கவே இல்லை. அடுத்த தப்பு பண்ணிடக்கூடாது என்பதை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கச்சேரி கேட்டுப் பழகிய காது. நல்ல சங்கதி விழுந்தால் "பலே" என்று வாய்விட்டுச் சொல்லலாம். தொடையில் தாளம் போடலாம். தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்குப் போகிறவர்கள்கூட இருக்கிறார்கள், அது வேற பஞ்சாயத்து. இங்கே இருமலுக்குக்கூட அனுமதி வாங்கணும் போலிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவில் யோசித்தேன்: இந்த மௌனம் எப்போதிலிருந்து? இந்த இசையை எழுதினவர்கள் கேட்டுக்கொண்டதா, பின்னால் வந்தவர்கள் போட்ட சட்டமா?

அதைத் தேடப் போய்த்தான் இந்த எபிசோட். தேடியதில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல், இந்த இசைக்கு ஆரம்பத்தில் ரசிகர்கள் என்று யாருமே தேவைப்படவில்லை என்பது.

'சேம்பர் மியூசிக்' என்கிறோமே, சேம்பர் என்றால் அறை. வீட்டு அறையில் வாசிக்கிற இசை. ஹைடன் நால்வர் இசை எழுத ஆரம்பித்த கதையை, அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களில் ஒருவரான கிரீசிங்கர் சொல்கிறார். 1750களின் பிற்பகுதி. வியன்னாவுக்கு வெளியே வைன்ட்ஸியர்ல் என்ற ஊரில் ஃபுர்ன்பெர்க் என்ற பிரபுவுக்கு ஒரு மாளிகை. அங்கே அப்போது கையில் கிடைத்தவர்கள் நாலு பேர்: ஊர்ப் பாதிரியார், பிரபுவின் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்ட மேலாளர், அல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்ற செல்லோக்காரர், அப்புறம் இருபதுகளில் இருந்த ஹைடன். இந்த நாலு பேர் சேர்ந்து வாசிக்க ஏதாவது எழுதிக் கொடு என்று பிரபு கேட்டார். அவ்வளவுதான் ஆரம்பம். இன்றைக்கு மேற்கத்திய இசையின் உச்சம் என்று பேசப்படுகிற வடிவத்துக்கு ஏன் சரியாக நாலு பேர் என்று கேட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் நாலு பேர்தான் இருந்தார்கள் என்பதும் ஒரு பதில்! வேறு ஊர்களிலும் இதே மாதிரி முயற்சிகள் நடந்திருக்கின்றன, ஹைடன் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் கடைசிவரை விடாமல் 68 குவார்டெட் எழுதியவர் அவர்.

அந்தக் காலத்தில் ஒரு குவார்டெட்டை அச்சடித்து விற்றால், நாலு தனித்தனிப் புத்தகங்களாகத்தான் விற்பார்கள். முதல் வயலினுக்கு ஒன்று, இரண்டாவது வயலினுக்கு ஒன்று, இப்படி. நாலும் ஒரே பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கிற ஸ்கோர் பொதுவாகக் கடையில் கிடைக்காது. ஏனென்றால் அது யாருக்குத் தேவை? வாசிக்கிறவருக்குத் தன் பகுதி போதும். அடுத்தவர் என்ன வாசிக்கிறார் என்பதைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளணும். அதாவது, இந்த இசையின் முதல் ரசிகர்கள் அதை வாசித்தவர்கள்தான். கையில் வில் இல்லாமல் அந்த அறையில் இருந்தவர், நாலு பேர் சீட்டாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர் மாதிரி.

1784ஆம் வருஷ வாக்கில் வியன்னாவில் ஒரு வீட்டு விருந்து. மைக்கேல் கெல்லி என்ற அயர்லாந்துப் பாடகர் அதில் இருந்தார், பிறகு தன் நினைவுகளில் எழுதினார். அன்று முதல் வயலின் வாசித்தவர் ஹைடன். இரண்டாவது வயலின், டிட்டர்ஸ்டோர்ஃப். வியோலா, மோட்சார்ட். செல்லோ, வான்ஹால். நாலு பேருமே இசையமைப்பாளர்கள். இப்படி ஒரு கூட்டணி பற்றிப் படித்தால் நாமெல்லாம் "ஐயோ, ரெக்கார்டிங் இல்லாமப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொள்வோம். கெல்லியோ, வாசிப்பு பரவாயில்லை ரகம், யாரும் அந்த வாத்தியத்தில் பெரிய வித்வான் இல்லை என்கிற மாதிரி எழுதிவைத்திருக்கிறார். எனக்கு இது ரொம்பப் பிடிச்சது.

சரி, அப்படி என்றால் கேட்கிறவர் எப்போது உள்ளே வந்தார்?

என் கணக்கில், கேட்கிறவரை மனதில் வைத்து ஹைடன் விளையாடிய ஒரு இடம் இருக்கிறது. 1781இல் ஆறு குவார்டெட்கள் கொண்ட ஓபஸ் 33 தொகுப்பை எழுதினார். அதில் இரண்டாவதுக்கு 'ஜோக்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. கடைசிப் பகுதி, துள்ளலான ஒரு மெட்டு. முடியப் போகிற இடத்தில் திடீரென்று மெதுவாக, ரொம்ப சீரியஸாக நாலு வரி. பிறகு மெட்டு திரும்ப வருகிறது, ஆனால் துண்டு துண்டாக. ஒரு துண்டு, மௌனம். ஒரு துண்டு, மௌனம். நாலு துண்டும் வந்தாச்சு, முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். இன்னும் நீளமான ஒரு மௌனம். கை தானாக மேலே எழும்புகிறது. அப்போது, ரொம்ப மெல்லிசாக, மெட்டின் முதல் துண்டு மறுபடி. அதோடு நிறுத்திவிடுகிறார். ஒரு கதையின் முதல் வரியைக் கதையின் கடைசி வரியாக வைக்கிற மாதிரி.

(ஒலிப்பதிவில் இந்த இடத்தில் அந்தக் கடைசி நிமிடத்தை ஒலிக்கவிட்டோம்.)

எப்போ கைதட்டணும் என்று தெரியாமல் முழிப்பதுதான் இங்கே ஜோக். நான் தொடைக்கடியில் கையை ஒளித்துவைத்தேன் இல்லையா, அந்த முழிப்பை வைத்தே ஹைடன் இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் சிரித்துவிட்டார். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குப் பாதி வெட்கம் போய்விட்டது.

அடுத்த திருப்பம் லண்டன். சுமார் முப்பது வருஷம் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்திடம் சேவகம் பார்த்த ஹைடன், 1791இல் சாலமன் என்ற வயலின் கலைஞரும் நிகழ்ச்சி அமைப்பாளருமான ஒருவரின் அழைப்பில் லண்டன் போகிறார். அங்கே காசு கொடுத்து உள்ளே வரும் கூட்டம். சிம்ஃபனி, பாட்டு, நடுவில் ஒரு குவார்டெட் என்று கதம்பமான நிகழ்ச்சி. சில நூறு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற ஹாலில் நாலு தந்தி வாத்தியம். யோசித்துப் பாருங்கள், கல்யாண ரிசப்ஷனில் வீணைக் கச்சேரி வைத்தால் என்ன ஆகும்? அதுதான்.

ஹைடன் ஊர் திரும்பி, 1793இல் இரண்டாவது லண்டன் பயணத்தை மனதில் வைத்து ஆறு குவார்டெட் எழுதினார். ஓபஸ் 71, 74 என்று அச்சாயின. அவற்றின் ஆரம்பங்களை மட்டும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்று 'டாங்' என்று ஒரே ஒரு பலத்த ஒலியோடு தொடங்கும். இன்னொன்று இரண்டு அடி. இன்னொன்றில் நாலு பேரும் சேர்ந்து ஒரே வரியை ஓங்கி வாசிப்பார்கள். அவருடைய பழைய குவார்டெட்களில் இவ்வளவு திட்டமிட்ட கதவுதட்டல் கிடையாது. ஆய்வாளர்கள் பலர் சொல்வது, இது ஹாலை அமைதிப்படுத்துவதற்கான தட்டல். "ஆரம்பிக்கப் போறோம், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க." கூட்டத்தைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கவில்லை, இசைக்குள்ளேயே வழி பண்ணினார். எனக்கு ஹைடன் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

இனிமேல் கதை கஷ்டமாகப் போகிறது, ஏனென்றால் பீத்தோவன் வருகிறார்.

வியன்னாவில் இக்னாட்ஸ் ஷுப்பன்ஸிக் என்று ஒரு வயலின்காரர். பருத்த உடம்பு, அதை வைத்து பீத்தோவன் அவரை ஓயாமல் கிண்டல் பண்ணுவார். 1804–05 வாக்கில், சந்தா கட்டி யாரும் வந்து கேட்கலாம் என்று குவார்டெட்டுக்கென்றே தொடர் நிகழ்ச்சிகள் நடத்திய முன்னோடி இவர். அடுத்த வருஷமே பீத்தோவன் எழுதிய ஓபஸ் 59 வருகிறது. மூன்று குவார்டெட்கள், ரஷ்யத் தூதர் ரசுமோவ்ஸ்கிக்காக. முதலாவதே ஏறக்குறைய நாற்பது நிமிஷம். அதன் இரண்டாம் பகுதி, செல்லோ தனியாக ஒரே ஒரு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப, வெறும் லயமாகத் தட்டுவதில் தொடங்கும். மெட்டே கிடையாது. வாசிக்க உட்கார்ந்தவர்கள் இதை ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ரோம்பெர்க் என்ற பெரிய செல்லோ வித்வான் அந்தத் தாளைக் கீழே போட்டு மிதித்தார் என்றும் ஒரு கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனாலும், சிரித்தவர்கள் என்னை மாதிரி டிக்கெட் மீந்துபோய் வந்தவர்கள் இல்லை. அந்த இசையிலேயே ஊறியவர்கள்.

பீத்தோவனுக்கே ஒரு கட்டத்தில் கூட்டம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஓபஸ் 95 பற்றி 1816இல் லண்டனில் இருந்த ஜார்ஜ் ஸ்மார்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், இது விஷயம் தெரிந்த சிலருக்காக எழுதியது, பொது நிகழ்ச்சியில் வாசிக்கவே கூடாது என்கிறார். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அவர் குவார்டெட் பக்கமே போகவில்லை. 1822இல் கலிட்சின் என்ற ரஷ்ய இளவரசர், தானே செல்லோ வாசிப்பவர், ஒன்றோ இரண்டோ மூன்றோ எழுதித் தாருங்கள் என்று கேட்டு எழுதிய கடிதம்தான் அவரைத் திரும்ப இழுத்தது. அப்போது பீத்தோவனுக்குக் காது முழுக்கவே போய்விட்டிருந்தது என்று சொல்லலாம். வந்தவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுவார்கள், அவர் வாயால் பதில் சொல்வார். அதனால் நமக்குப் பாதி உரையாடல்தான் கிடைத்திருக்கிறது, ஃபோனில் பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி.

1825 மார்ச் 6. ஓபஸ் 127இன் முதல் வாசிப்பு, ஷுப்பன்ஸிக் குழு. 'சிவப்பு முள்ளெலி' என்ற பெயர் கொண்ட கட்டடத்தில் இருந்த இசைச் சங்கத்தின் சின்ன ஹால். ஒத்திகைக்கு நாள் போதவில்லை. தாள் கையில் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சொதப்பிவிட்டது. கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழி யார் மேல்? பீத்தோவனுக்கு ஷுப்பன்ஸிக் மேல் கோபம். ஊரில் சிலருக்கு பீத்தோவன் மேலேயே சந்தேகம், காது கேட்காதவர் எழுதியது, அப்படித்தான் இருக்கும் என்று.

இங்கே யோசெஃப் பேம் என்ற இன்னொரு வயலின்காரர் வருகிறார். பீத்தோவன் அவரைக் கூப்பிட்டு, நீ வாசி என்கிறார். ஒத்திகைகள் பீத்தோவனுடைய கண் முன்னாலேயே. கண் முன்னால் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பேம் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, பீத்தோவனுக்கு ஒரு சத்தமும் கேட்காது, ஆனால் நாலு வில்களையும் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருப்பார். வேகத்தில் ஒரு நூலிழை பிசகினாலும் பிடித்துவிடுவார். கடைசிப் பகுதியின் முடிவில் ஓரிடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி எழுதியிருந்தார். அது இசையைத் தளர்த்துகிறது என்று பேமுக்குத் தோன்றியது. ஒத்திகையில் வேகத்தைக் குறைக்காமல் அப்படியே வாசிக்கும்படி மற்றவர்களிடம் சொல்லிவைத்தார். மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்த பீத்தோவன் வில்களைப் பார்த்தார். முடிந்ததும், இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்துபோய் நாலு தாளிலும் அந்தக் குறிப்பை அடித்துவிட்டார்.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தாலும் கொஞ்சம் நிறுத்திவிடுகிறேன்.

அதே மார்ச் மாதத்திலேயே பேம் அந்தக் குவார்டெட்டை அரங்கேற்றினார். எப்படித் தெரியுமா? ஒரே மாலையில் இரண்டு தடவை. முதல் தடவை வாசித்து, பிறகு அதையே முழுசாக மறுபடியும். அன்றைய இசைப் பத்திரிகைச் செய்தி, முதலில் பார்வையை மறைத்துக்கொண்டிருந்த மூடுபனி விலகிவிட்டது என்கிற ரீதியில் எழுதியது. புரியாத இசைக்கு 1825இல் கண்டுபிடித்த வைத்தியம், இன்னொரு தடவை கேட்பது. ரெக்கார்டிங் இல்லாத உலகத்தில் அது எவ்வளவு பெரிய ஆடம்பரம் பாருங்கள். நாலு பேர் வியர்க்க வியர்க்க மறுபடி வாசிக்கணும்.

சுமார் ஒரு வருஷம் கழித்து, 1826 மார்ச் 21. ஓபஸ் 130. ஆறு பகுதிகள். திரும்பவும் ஷுப்பன்ஸிக், இரண்டாவது வயலினில் கார்ல் ஹோல்ட்ஸ், வியோலாவில் வைஸ், செல்லோவில் லிங்கே. பீத்தோவன் ஹாலுக்கு வரவில்லை, பக்கத்தில் ஒரு மதுக்கடையில் காத்திருந்தார். ஹோல்ட்ஸ் போய்ச் செய்தி சொன்னார்: நடுவில் இருந்த இரண்டு சின்னப் பகுதிகளுக்கு ஏகப்பட்ட வரவேற்பு, மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

ஒரு நிமிஷம். நடுவில், பகுதிக்கும் பகுதிக்கும் இடையே, கைதட்டி "ஒன்ஸ் மோர்" கேட்டிருக்கிறார்கள்! உலகத்திலேயே கடினமான குவார்டெட் என்று பேசப்படுவதன் அரங்கேற்றத்தில்! வாசித்தவர்களும் மறுபடி வாசித்தார்கள். யாரும் தலையைத் திருப்பி முறைத்ததாகத் தகவல் இல்லை.

பீத்தோவனுக்கு அது போதவில்லை. ஃப்யூக்குக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். கடைசிப் பகுதியாக அவர் வைத்திருந்தது ஒரு ராட்சத ஃப்யூக். ஒரே கருவை நாலு குரலும் துரத்தித் துரத்தி, மோதி, உடைத்து, கால் மணி நேரத்துக்கு நடக்கிற சண்டை. அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை என்றதும், மாடுகள், கழுதைகள் என்று ரசிகர்களைத் திட்டினார் என்று சொல்கிறார்கள். பத்திரிகை விமர்சகர், அந்தப் பகுதி தனக்குச் சீன மொழி மாதிரி இருந்தது என்று எழுதினார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பதிப்பாளர் மத்தியாஸ் அர்டாரியா, ஹோல்ட்ஸ் மூலமாக ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்: ஃப்யூக்கைத் தனிப் படைப்பாக வெளியிடலாம், குவார்டெட்டுக்கு வேறு முடிவு எழுதித் தாருங்கள். யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்று பெயர் எடுத்த பீத்தோவன் ஒத்துக்கொண்டார். அந்த இலையுதிர் காலத்தில் தம்பி யோஹானின் பண்ணை வீட்டில், க்னைக்ஸன்டோர்ஃப் என்ற ஊரில் உட்கார்ந்து, லேசாகத் துள்ளுகிற ஒரு புது முடிவை எழுதினார். அவர் முழுதாக முடித்த கடைசி இசை அதுதான். 1827 மார்ச் 26இல் இறந்துவிட்டார். புது முடிவோடு அந்தக் குவார்டெட் பொதுவில் ஒலித்தது அதற்குப் பிறகுதான்.

ஏன் ஒத்துக்கொண்டார்? தனிக் கட்டணம் கிடைத்தது என்பது ஒரு காரணம். மனசு மாறியிருக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டு நூற்றாண்டாக இதற்குச் சண்டை நடக்கிறது, குழுக்கள் இன்றைக்கும் இரண்டு முடிவையும் மாற்றி மாற்றி வாசிக்கின்றன. ரசிகர்கள் மாடுகளாக இருந்தார்கள், மேதையைப் புரிந்துகொள்ளவில்லை என்கிற கதையை நான் வாங்கமாட்டேன். ஐந்து பகுதிகளை உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, காது களைத்துப்போன நேரத்தில் வருகிறது அந்த ஃப்யூக். எனக்கே இன்னும் அது முழுசாகப் பிடிபடவில்லை, ஹெட்ஃபோனில் எத்தனையோ தடவை கேட்டாச்சு. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு தடவை.

இதற்கு ஒரு குட்டி வால் உண்டு. அந்த ஃப்யூக்கை ஒரே பியானோவில் இரண்டு பேர் வாசிக்கும்படி பீத்தோவனே மாற்றி எழுதினார். அவர் கையெழுத்துப் பிரதி காணாமல் போய், 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு இறையியல் கல்லூரியின் அலமாரியில் கிடைத்தது. லண்டனில் ஏலம் போனபோது பத்து லட்சம் பவுண்டுக்கு மேல்.

அப்போ, அந்த மௌனம்? அது பெரும்பாலும் அடுத்த தலைமுறையின் வேலை. ஒரே நாளில் வந்ததில்லை, பாரிஸ், பெர்லின் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதம். நான் லண்டனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே தெளிவாகத் தெரிகிறது. 1845இல் ஒரே வருஷத்தில் இரண்டு விஷயம் நடந்தது. தாமஸ் அல்ஸாகர் என்ற பத்திரிகைக்காரர் ஒரு சங்கம் அமைத்து, பீத்தோவனின் குவார்டெட்களை ஒரே சீஸனில் மொத்தமாக வாசிக்கவைத்தார். வந்தவர்கள் ஸ்கோரை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். அதே வருஷம் ஜான் எல்லா என்பவர் 'மியூசிகல் யூனியன்' தொடங்கினார். வாசிப்பவர்களை நடுவில் உட்காரவைத்து, கேட்பவர்களைச் சுற்றிலும் உட்காரவைத்தார். அன்று வாசிக்கப்போகும் இசையைப் பகுதி பகுதியாக, முக்கியமான மெட்டுகளின் ஸ்வரக் குறிப்போடு விளக்கி அச்சடித்து, முன்கூட்டியே உறுப்பினர் வீடுகளுக்கு அனுப்பினார். ஹோம்வொர்க்! அந்தத் தாளில் ஒரு இத்தாலிய வாசகமும் இருக்கும். இசைக்குத் தரக்கூடிய பெரிய மரியாதை மௌனம் என்று அர்த்தம்.

ஆக, என்னை முறைத்த இரண்டு தலைகளின் கொள்ளுத்தாத்தா எல்லாதான். கிண்டலுக்குச் சொன்னாலும், அவர் செய்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மௌனமும் குறிப்பும் இல்லாமல் பீத்தோவனின் கடைசிக் குவார்டெட்கள் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். பிரச்சினை என்னவென்றால், எல்லாவின் சங்கத்தில் சேரப் பணமும் சிபாரிசும் வேண்டும், நிறைய பிரபுக்கள். எப்படிக் கேட்பது என்ற பாடமும், யார் உள்ளே வரலாம் என்ற வடிகட்டலும் ஒரே கதவு வழியாக வந்துவிட்டன. பாடம் தெரியாதவன் வெளியாள் என்று ஆனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கதவைத் திறக்க முயன்றவர்களும் லண்டனிலேயே இருந்தார்கள். 1859இல் தொடங்கிய திங்கட்கிழமைக் கச்சேரிகளில் ஒரு ஷில்லிங்குக்கு இடம் கிடைத்தது. பெரிய ஹால், அதே பீத்தோவன், அதே மோட்சார்ட், அச்சடித்த குறிப்பு சகிதம். வில்மா நெருடா 1869இலிருந்து அங்கே நாலு பேருக்குத் தலைமை தாங்கி முதல் வயலின் வாசித்தார். பெண் வயலின் வாசிப்பதே அழகில்லை என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1887இலிருந்து சவுத் ப்ளேஸ் என்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உழைக்கும் மக்களுக்காக அறையிசைக் கச்சேரிகள். அந்தத் தொடர் இடம் மாறி, கான்வே ஹாலில் இன்றும் நடக்கிறது.

பிறகு கிராமஃபோன். 1924இல் ஒரு சங்கம் சந்தாதாரர்களுக்காக முழு நீளக் குவார்டெட்களை இசைத்தட்டில் வெளியிட ஆரம்பித்தது, முதலில் வந்தது பீத்தோவனின் ஓபஸ் 74. ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம், ஒரு பகுதிக்குள்ளேயே எழுந்து போய்த் தட்டைத் திருப்பணும். ஆனால் பேம் ஒரு மாலை மட்டும் கொடுக்க முடிந்ததை, அந்தத் தட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுத்தது.

நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்பீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் ஓபஸ் 33இன் அந்த ஜோக். அடுத்து ஓபஸ் 74இன் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஆளைப் பின்தொடர்வது. முதல் தடவை முதல் வயலின், அது எல்லாருக்கும் கேட்கும். அடுத்த தடவை செல்லோ. இளையராஜா பாட்டில் மெயின் மெட்டை விட்டுவிட்டு பேஸ் கிட்டார் மட்டும் கேட்டுப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதே விளையாட்டு. கடைசியில் வியோலா. வியோலாவைப் பிரித்துக் கேட்க முடிந்த அன்றைக்கு எனக்கு யாரிடமாவது ட்ரீட் கேட்கணும் போலிருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வீட்டில் பேம் மாதிரி ஒரு சோதனை பண்ணினேன். ஓபஸ் 127, ஒரே மாலையில் இரண்டு தடவை. மூன்று நண்பர்கள், கூடவே அத்தை. அத்தை டிசம்பர் சீஸனில் ஒருநாள் விடாமல் சபாவுக்குப் போகிறவர். ஒரு விதியும் சொல்லவில்லை. முதல் தடவை முடிவதற்குள் ஒரு நண்பன் பால்கனிக்குப் போய்விட்டான். இன்னொருத்தி, ஆரம்பத்தில் வருகிற அந்த கம்பீரமான ஒலிகள் நடுவில் இரண்டு தடவை திரும்ப வருவதையும், ஒவ்வொரு தடவையும் சுருதி மாறியிருப்பதையும் கண்டுபிடித்தாள். இரண்டாம் பகுதி தொடங்கும்போது கீழே செல்லோ, அதன்மேல் வியோலா, அதன்மேல் இரண்டு வயலின் என்று ஒவ்வொருவராக வந்து ஒலியை அடுக்குவார்கள். முதல் தடவை அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை அந்த இடம் வந்ததும் "சுருதி சேர்க்கறா" என்றார், சத்தமாகவே. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிந்தபோது மணி பத்தரை. ஸ்பீக்கரை அணைக்கப் போனேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த அடுக்கற இடம் மட்டும் இன்னொரு தரம் போடேன்."